ஆர்லிங்டன் பேருந்தில் பிறந்த கணினி

1964ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆர்லிங்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போகும் பேருந்தில் ராபர்ட் க்ரீசி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐபிஎம் நிறுவனத்துக்காரர். அந்தப் பயணத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை என்று நினைவு எனப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இன்று உங்கள் லேப்டாப்பில் ஒரு சன்னலுக்குள் இன்னொரு கணினி ஓடிக்கொண்டிருக்கிறதென்றால், அதன் பிறந்த இடம் அந்தப் பேருந்து.

அலுவலகத்தில் நாம் விஎம் என்று கூப்பிடும் மெய்நிகர்க் கணினியின் கதை இது. மென்பொருள் வேலையில் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைச் சந்தித்துவிடுகிறார்கள். எவ்வளவு ரேம், எத்தனை கோர், எந்த நெட்வொர்க் என்று திரை கேட்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன எண்களைப் போட்டு 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார்கள். ஓடத் தொடங்கியதும் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கணினி எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக நம் மேசைக்கு வந்தது என்று படித்த பிறகு, அந்தத் திரையை நான் நிரப்பும் விதமே மாறிவிட்டது.

கேம்பிரிட்ஜில் டெக்னாலஜி ஸ்கொயர் 545 என்ற கட்டடம். ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் அந்த ஆண்டுதான் அங்கே தொடங்கியிருந்தது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் மேக் குழுவும் அதே கட்டடத்தில் இருந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை எம்ஐடி 1961இலேயே செய்துகாட்டிவிட்டது. அடுத்த கட்டத்துக்குப் புதிய பெரிய கணினி வேண்டும் என்று எம்ஐடி தேடியபோது, ஐபிஎம்மிடம் இருந்தது 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம் 360 வரிசை. அதில் ஒரு குறை. நிரல் ஒரு நினைவக முகவரியைக் கேட்டால், வன்பொருளே அதை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அதில் இல்லை. பலர் பகிரும் கணினிக்கு அது இல்லாமல் ஆகாது என்றது எம்ஐடி. ஒப்பந்தம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குப் போயிற்று.

கைநழுவிய அந்த ஒப்பந்தத்தின் வலி ஆறுவதற்குள்தான் க்ரீசியின் பேருந்துப் பயணம். அவரும் சகாவான லெஸ் கோமோவும் அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் உட்கார்ந்து திட்டத்தை வரைந்தார்கள். யோசனை மிக எளிமையானது, எளிமை காரணமாகவே துணிச்சலானது. ஒரு கணினியைப் பலருக்குப் பகிர்வதென்றால் அதுவரை எல்லாரும் அதன் நேரத்தையும் வசதிகளையும் துண்டு துண்டாகப் பங்கு வைத்தார்கள். இவர்களோ ஆளுக்கொரு முழுக் கணினியையே கொடுத்துவிடலாம் என்றார்கள். நினைவகம், கன்சோல், அட்டை படிப்பான், அச்சுப்பொறி என எல்லாம் இருக்கும் முழு சிஸ்டம் 360. உள்ளே இருப்பவருக்கு அது நிஜக் கணினிதான். வெளியே ஒரு சிறிய மேற்பார்வை நிரல் மட்டும் எல்லாவற்றையும் பிரித்துவைத்துக் காவல் காக்கும்.

முதலில் இதற்கு வைத்த பெயர் போலிக் கணினி. யார்க்டவுனில் ஐபிஎம்மின் ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்த இன்னொரு திட்டத்திலிருந்துதான் 'விர்ச்சுவல் மெஷின்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. நல்லவேளை. நம் மொழியில் மெய்நிகர் என்று பெயர் வைத்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். போலி என்றால் ஏமாற்று. மெய்நிகர் என்றால் மெய்க்கு நிகர். க்ரீசி கட்டியது இரண்டாவதைத்தான்.

சிஸ்டம் 360 மாடல் 40 கணினி ஒன்றை வாங்கி, இல்லாத அந்த முகவரி மாற்றும் ஏற்பாட்டைத் தாங்களே வன்பொருளில் சேர்த்தார்கள். மேற்பார்வை நிரலுக்கு சிபி-40 என்று பெயர். 1967 ஜனவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நேரத்தில் 14 மெய்நிகர்க் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 256 கே நினைவகம். அவற்றுக்குள் ஓட சிஎம்எஸ் என்ற சிறிய இயங்குதளத்தையும் எழுதினார்கள். ஒரே ஓர் ஆளுக்கு மட்டுமான இயங்குதளம் அது. மற்றவர்களிடமிருந்து காக்கும் வேலையை வெளியே இருக்கும் சிபி பார்த்துக்கொள்வதால், உள்ளே அந்தக் கவலையே வேண்டியதில்லை.

இது யாருக்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு இயங்குதளம் எழுதுபவரின் பாடு பெரும்பாடு. இயங்குதளத்தைச் சோதிக்க முழுக் கணினியும் அவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும். பகலில் கணினி கணக்கு வழக்குக்கு ஓடும். இவருக்குக் கிடைப்பது நள்ளிரவில் ஒன்றிரண்டு மணி நேரம். துளையிட்ட அட்டைக்கட்டோடு காத்திருந்து, தன் முறை வந்ததும் ஓட்டி, அது முரண்டு பிடித்து நின்றுவிட்டால் அடுத்த இரவுவரை காத்திருப்பு. மெய்நிகர்க் கணினி வந்த பிறகு அவர் பட்டப்பகலில், மற்ற 13 பேருக்கு நடுவே, தன் கணினியை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதுபவர் உடைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு கணினி: மேகக் கணிமையும் தரவு மையங்களும் இதைத் தத்தெடுத்தது மிகப் பிற்பாடுதான்.

அடுத்து மாடல் 67 கணினிக்காக சிபி-67 வந்தது. 1972 ஆகஸ்ட் 2 அன்று விஎம்/370 என்ற பெயரில் ஐபிஎம் இதை முறையான தயாரிப்பாகவே அறிவித்தது. அதற்கு முன்பே ஒரு வினோதம் நடந்திருந்தது. 360க்கு அடுத்த வரிசையான சிஸ்டம் 370இல், மெய்நிகர் நினைவக வசதி கொண்ட கணினி கட்டி முடியும் முன்பே, அந்தக் கணினியைப் போல நடிக்கும் மெய்நிகர்க் கணினியை கேம்பிரிட்ஜ் குழு சிபி-67க்குள் உருவாக்கி, அதற்குள் புதிய மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டது.

விஎம்/370இல் ஒரு கணினியை எப்படி அமைத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 'டைரக்டரி' என்று ஒரு கோப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் சில வரிகள். யூசர் என்று தொடங்கும் முதல் வரியில் பெயர், கடவுச்சொல், நினைவக அளவு. அடுத்த வரியில் கன்சோல், அதன் எண் 009. பிறகு அட்டை படிப்பான் 00சி, அட்டை துளைப்பான் 00டி, அச்சுப்பொறி 00இ. கடைசியில் வட்டுகள். 190 என்ற வட்டில் சிஎம்எஸ் இயங்குதளம். அதை எல்லாரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. 191 என்ற வட்டு அவரவர் சொந்தம், எழுதலாம், அழிக்கலாம். 190 ஊர்ப் பொதுக்கிணறு, 191 அவரவர் வீட்டுக் குடம். அவ்வளவுதான். ஏழெட்டு வரி எழுதினால் ஒரு முழுக் கணினி. இந்த ஏழெட்டு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி உலகம் இதைத் தொலைத்துவிட்டு, மீண்டும் கண்டுபிடிக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

பிறந்த வீட்டில் இந்தப் பிள்ளைக்குச் செல்லம் இல்லை. ஐபிஎம்மின் தலைமை தன் பெரிய இயங்குதளமான எம்விஎஸ் மீதுதான் நம்பிக்கை வைத்திருந்தது. 1970களின் இரண்டாம் பாதியில் மாசசூசெட்ஸின் பர்லிங்டனில் இருந்த விஎம் உருவாக்கக் குழுவை மூடிவிட்டார்கள். பலர் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆனால் எம்விஎஸ்ஸின் அடுத்த பதிப்பை எழுதியவர்கள் அதைச் சோதிக்க எதில் ஓட்டினார்கள்? அதற்காகவே தங்களுக்குள் ஒரு மெய்நிகர்க் கணினி மென்பொருளை எழுதி வைத்துக்கொண்டார்கள். மூட நினைத்தவர்களுக்கே அது இல்லாமல் வேலை ஓடவில்லை. அந்தக் குடும்பத்தின் வாரிசு இசட்/விஎம் என்ற பெயரில் இன்றும் ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் ஓடுகிறது.

நடுவே 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு செயலி மெய்நிகர்க் கணினிகளைச் சுமக்கத் தகுதியானதா என்று சொல்லும் இலக்கணம் அது. கணினியின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும், உள்ளே இருப்பவர் பிறப்பித்தால், தடுக்கப்பட்டு மேற்பார்வையாளர் காதுக்குப் போக வேண்டும். குடியிருப்பவர் சுவரை இடிக்கத் தொடங்கினால் வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்பதுபோல. ஐபிஎம்மின் பெருங்கணினிகள் இந்தச் சோதனையில் தேறின.

மறு ஆண்டு அதே கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டில், இதற்குத் தூரத்து உறவான ஒரு காரியம் நடந்தது. ஆல்டேர் என்ற சிறிய கணினிக்கு பேசிக் மொழியை எழுதித் தருவதாக பில் கேட்ஸும் பால் ஆலனும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் ஆல்டேர் இல்லை. ஆலன், பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 கணினியில், ஆல்டேரின் 8080 செயலியைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதினார். அதற்குள்தான் பேசிக் முழுதும் உருவானது. காகித நாடாவோடு ஆலன் அல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். அதுவரை தொட்டே பார்க்காத கணினியில் அந்த நிரல் ஓடியது. மைக்ரோசாஃப்ட்டின் தொடக்கம் அதுதான். உருவாக்கும் சூழல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு மேசைக் கணினிகளின் காலம். இன்டெலின் எக்ஸ்86 செயலிகள் உலகை நிறைத்தன. மெய்நிகர்க் கணினிக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை. காரணம் பணமோ அரசியலோ அல்ல, செயலியின் சில கட்டளைகள். பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கீடுகளை ஏற்பதா தடுப்பதா என்ற கொடியை அது மாற்றும். அதிகாரமுள்ள இயங்குதளம் சொன்னால் கொடி மாறும். அதிகாரமில்லாத இடத்திலிருந்து சொன்னால் கொடி மாறாது. சரிதானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், மாறவில்லை என்று அது யாரிடமும் சொல்வதில்லை. சத்தமே இல்லாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் இயங்குதளம் கொடி மாறிவிட்டதென்றே நம்பும். வெளியே இருக்கும் மேற்பார்வையாளருக்குக் கேட்டதே தெரியாது. 2000இல் ஜான் ராபினும் சிந்தியா இர்வினும் பென்டியம் செயலியை அலசி, போபெக் வகுத்த இலக்கணத்தில் தவறும் கட்டளைகள் 17 என்று எண்ணிச் சொன்னார்கள்.

அந்த எண்ணிக்கை வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே ஒரு குழு அந்தச் சுவரைத் தாண்டிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளம், எடுவார்ட் புனியோன், ஸ்காட் டிவைன் மூவரும் 1997இல் டிஸ்கோ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஐபிஎம் யோசனைக்குப் புதிய கணினிகளில் மீண்டும் உயிர் கொடுத்த ஆய்வு அது. 1998இல் டயான் க்ரீன், எல்லன் வாங் இருவரும் சேர, விஎம்வேர் நிறுவனம் பிறந்தது. அவர்கள் கண்ட வழி: சாதாரண நிரல்களை நேரடியாகச் செயலியிலேயே ஓடவிடுவது, உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் கருவை மட்டும், ஓடும்போதே வரிவரியாகப் பார்த்து, சத்தமில்லாமல் ஏமாற்றும் கட்டளைகளை வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓடவிடுவது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குச் சக்கரம் மாற்றும் வேலை. 1999 மே மாதம் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் கணினியில் ஒரு சன்னலுக்குள் விண்டோஸ் எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பெருங்கணினி அறையில் பிறந்தது மேசைக்கு வந்து சேர்ந்தது, இம்முறையும் முதலில் நிரலாளர்களின் மேசைக்கு.

இன்டெல் 2005 நவம்பரிலும் ஏஎம்டி 2006இலும் செயலியிலேயே மெய்நிகர்க் கணினிக்கான வசதியைச் சேர்த்தன. இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2003இல் உருவான ஸென் என்ற மேற்பார்வை நிரலின் மீது அமேசான் தன் இசி2 மேகச் சேவையை 2006 ஆகஸ்டில் திறந்தது. 2007 பிப்ரவரியில் கேவிஎம் என்ற இன்னொரு மேற்பார்வை நிரல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இடம்பிடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளைத் திறமூலமாக வெளியிட்டது. பிறகு சன் நிறுவனம் அதை வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. நம் ஊர்க் கல்லூரி மாணவரும் காசு கொடுக்காமல் ஒரு மெய்நிகர்க் கணினியை வைத்துக்கொள்ள விர்ச்சுவல்பாக்ஸ் வழிசெய்தது.

எனக்கும் முதல் பழக்கம் அதுதான். அப்போது நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லார் லேப்டாப்பிலும் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ். விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று; லினக்ஸுக்கு வேறு வேறு. எங்கள் கணினியில் நன்றாக ஓடிய பக்கம் சர்வரில் ஏற்றியதும் கோப்பு இல்லை என்று நிற்கும். "அண்ணா, என் மெஷின்ல ஓடுதே" என்று ஒரு தம்பி சொல்வான். "எல்லார் மெஷின்லயும்தான்பா ஓடுது, சர்வர்ல ஓடணும்ல" என்பார் மூத்தவர். சலித்துப்போன அவரே ஒரு நாள் சர்வரைப் போலவே ஒரு மெய்நிகர்க் கணினியை அமைத்து, அதன் வட்டுக் கோப்பை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மேசை மேசையாகக் கொடுத்தார். ஏறத்தாழ 30 ஜிபி. நகலெடுக்கவே அரை நாள் போகும்.

ஒரு வருடம் அது எங்களைக் காப்பாற்றியது. அடுத்த வருடம் அதுவே தலைவலியாயிற்று. ஒவ்வொருவரும் அதற்குள் ஏதோ நிறுவினார்கள், ஏதோ மாற்றினார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் 'புதியது', 'கடைசி', 'கடைசி 2' என்று வால் நீண்டது. மூத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒருமுறை அதே படியிலிருந்து எடுத்த இரண்டு கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரிக்கு மோதிக்கொண்டன. லினக்ஸ் தனக்கென்று வைத்திருக்கும் அடையாள எண்ணையும் சேர்த்து நகலெடுத்திருந்தோம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பொருளைக் கைமாற்றினோம், அது எப்படி உருவானது என்ற செய்தியைக் கைமாற்றவில்லை. தவறு அதுதான்.

அந்த நாள்களில் இன்னொரு மெய்நிகர்க் கணினியும் என்னிடம் இருந்தது, விண்டோஸ் 98 ஓடுவது. மதுரையில் சிறிய அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்த பேஜ்மேக்கர் கோப்புகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்களில் பொருத்திவைத்திருந்த காலம் அது. புதிய கணினியில் திறந்தால் தமிழே இல்லை, குறிகளின் குப்பை. யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதலில் அந்தப் பக்கம் அன்று எப்படித் தெரிந்தது என்று பார்க்க வேண்டும். பழைய விண்டோஸ், பழைய பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு மூன்றையும் ஒரு மெய்நிகர்க் கணினிக்குள் அமைத்ததும் பக்கம் அப்படியே விரிந்தது. ஒற்றைக் கொம்பு எங்கே, துணைக்கால் எங்கே என்று பார்த்துப் பார்த்து நிரலைத் திருத்தினேன். நண்பர் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா தட்டச்சு பண்ணினதுங்க" என்றார். அந்த வட்டுக் கோப்பை இன்றும் வைத்திருக்கிறேன்.

கைமாற்றும் சிக்கலுக்கு விடை 2010இல் வந்தது. மிட்செல் ஹாஷிமோட்டோ என்ற இளைஞர் வேக்ரன்ட் என்ற மென்பொருளை வெளியிட்டார். 30 ஜிபி கோப்பைக் கொடுப்பதற்குப் பதில், ஒரு சிறு உரைக்கோப்பைக் கொடுங்கள் என்றது அது. எந்த அடிப்படைப் படி, எவ்வளவு ரேம், எந்தப் போர்ட்டை வெளியே திறப்பது, உள்ளே என்னென்ன நிறுவுவது எல்லாம் சில வரிகள். அதை நிரலோடு சேர்த்து, நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட்டில் (Git) வைத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர் 'வேக்ரன்ட் அப்' என்று ஒரு கட்டளை கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். முதன்முதலில் அந்தக் கோப்பைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பின்னாளில் விஎம்/370 டைரக்டரியின் வரிகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதே ஏழெட்டு வரி! பொதுக்கிணறும் அதே கிணறு: எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் படி 190, அவரவர் மாற்றங்கள் 191.

அந்த ஏழெட்டு வரியில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். தொடங்கும் முன் பயாஸில் விடி-எக்ஸ் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; சில லேப்டாப்களில் அது அணைந்திருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 3 ஜிபிக்கு மேல் கொடுக்காதீர்கள். வெளியே இருக்கும் கணினி மூச்சுத் திணறினால் உள்ளே இருப்பதும் திணறும். கோர்களும் அப்படியே. நான்கில் நான்கையும் கொடுத்தால் வேகம் கூடாது, குறையும். வட்டுக்கு 40 ஜிபி என்று போட்டால் உடனே 40 பிடிக்காது, நிரம்ப நிரம்ப வளரும். ஆனால் உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது நெட்வொர்க்கில். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகக் கொடுக்கும் நாட் முறையில் ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான். இரண்டு கணினிகள் வைத்தாலும் இரண்டுக்கும் அதே. ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் பூட்டியிருப்பதால் மோதல் இல்லை. ஒன்றையொன்று பார்க்கவும் முடியாது. வெளியிலிருந்து உள்ளே போக ஒரு போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். திறந்தும் பக்கம் வரவில்லை என்று பலர் புலம்புவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே ஓடும் நிரல் 127.0.0.1இல் மட்டும் காது வைத்திருக்கும். அது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. 0.0.0.0 என்று மாற்றினால் வெளியே இருந்து வரும் குரலும் கேட்கும். 'பிரிட்ஜ்' முறையில் உங்கள் மெய்நிகர்க் கணினி அலுவலக நெட்வொர்க்கில் தனி ஆளாகவே போய் நிற்கும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

நிரலை வெளியே எழுதி உள்ளே ஓட்டப் பகிர்ந்த கோப்புறை வசதியானது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள இடத்தில் அது ஆமை வேகத்தில் போகும். வெளியே கோப்பை மாற்றினால் உள்ளே மாறிய சேதி பெரும்பாலும் போய்ச்சேராது. மாறியதும் தானாக மறுபடி ஓடும் கருவிகள் சும்மா நிற்பது அதனால்தான். தரவுத்தளத்தின் கோப்புகளை ஒருபோதும் பகிர்ந்த கோப்புறையில் வைக்காதீர்கள். லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு காரணமே இல்லாமல் சான்றிதழ்ப் பிழை வந்தால், உள்ளே கடிகாரத்தைப் பாருங்கள். அது தூங்கிய நேரத்திலேயே நின்றிருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் காப்பு எடுத்ததாக எண்ணிவிடாதீர்கள். அதுவும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு போனால் இரண்டும் போகும்.

2013இல் டாக்கர் வந்தது. முழுக் கணினி எதற்கு, லினக்ஸின் கருவைப் பகிர்ந்துகொண்டு நிரல்களை மட்டும் தனித்தனிப் பெட்டியில் வைத்தால் போதுமே என்றார்கள். நியாயமான பேச்சு. விஎம்மின் காலம் முடிந்தது என்றும் பலர் எழுதினார்கள். ஆனால் மேக்கிலோ விண்டோஸிலோ பகிர்ந்துகொள்ள லினக்ஸ் கரு ஏது? டாக்கர் அங்கே ஓசையில்லாமல் ஒரு லினக்ஸ் மெய்நிகர்க் கணினியை எழுப்பி, அதற்குள்தான் தன் பெட்டிகளை அடுக்குகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸ் தரும் டபிள்யூஎஸ்எல் 2, 2020இல் எல்லாருக்கும் வந்தது. அதுவும் மெய்நிகர்க் கணினிதான். டாக்கர் மெதுவாக ஓடுகிறது என்று அலுத்துக்கொள்ளும் பலருக்கு, உள்ளே ஒரு விஎம் இருக்கிறது, அதற்கு ரேம் கொடுக்க வேண்டும் என்பதே தெரிவதில்லை. மேலே சொன்ன அமைப்புகள் பெரும்பாலும் அங்கும் அப்படியே பொருந்தும்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 செயலியோடு மேக்குகளை வெளியிட்டபோது, இந்தப் பயணத்தில் ஒரு பழைய பாடம் திரும்பி வந்தது. செயலியின் மொழியே மாறிவிட்டதால், எக்ஸ்86க்கென்று அமைத்து வைத்திருந்த படிகள் அங்கே எழவில்லை. விர்ச்சுவல்பாக்ஸே அவற்றில் ஓடவில்லை. கனமான வட்டுக் கோப்பை மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்தார்கள். உரைக்கோப்பு வைத்திருந்தவர்கள் அடிப்படைப் படியின் பெயரையும் சில வரிகளையும் மாற்றி மீண்டும் எழுப்பிக்கொண்டார்கள்.

பயணம் இன்னும் நிற்கவில்லை. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற மேற்பார்வை நிரலில் ஒரு மெய்நிகர்க் கணினி எழ 125 மில்லி விநாடி போதும். அது 5 எம்பிக்கும் குறைவான கூடுதல் நினைவகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. மறு ஆண்டு, காசு கொடுத்து வாங்கிவந்த ஒர்க்ஸ்டேஷனை எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வேலை குறைவான ஒரு மாலையில், எழுதிய நிரல் எல்லாம் கிட்டில் ஏறிவிட்டதா, தரவுத்தளத்துக்கு வேறிடத்தில் நகல் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். பிறகு உங்கள் மெய்நிகர்க் கணினியை முழுதாக அழித்துவிட்டு, கோப்பில் எழுதியிருக்கும் வரிகளை மட்டும் வைத்து மீண்டும் எழுப்புங்கள். அது எந்த இடத்தில் எழாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. அதை அன்றே எழுதிச் சேருங்கள். உங்களுக்குப் பின் அந்த இருக்கைக்கு வரப்போகிறவருக்கு அது போய்ச் சேரட்டும்.